எருமைக் கன்றும் உருண்டைப் புழுவும்

கறவை எருமை வாங்கக் கடன் பெற்ற அங்கத்தினருக்குக் கன்றின் இழப்பு கன்றோடு நிற்பதில்லை. கன்று மாண்டால் எருமைகள் பல பாலை அடக்கிக்கொள்ளும், பால் குறையும், கடன் தவணையோ குறையாது. ஆகவே முத்தாபுதுப்பேட்டை வட்டாரத்தில் எருமை வளர்க்கும் நெசவாளரும் உழவரும், கன்றுகளைத் தாக்கும் பெரிய உருண்டைப் புழுவைப் பற்றி அறிந்திருத்தல் நலம். 'டாக்ஸோகாரா விட்டுலோரம்' என்பது அதன் சாஸ்திரப் பெயர்.

தாயின் உடலில்

இப்புழுவின் முட்டைகள் கன்றின் சாணத்தோடு வெளிவருகின்றன. மண்ணில் கிடக்கும்போது முட்டைக்குள்ளேயே இளம்புழு உருவாகிறது. அதனைப் புல்லோடு விழுங்கும் வளர்ந்த எருமையின் குடலில் அது பெரும்புழுவாக வளர முடிவதில்லை. குடற்சுவரைத் துளைத்துக் கல்லீரல், நுரையீரல், தசை முதலியவற்றுட் புகுந்து ஒடுங்கிக் கிடக்கிறது. முதிர்ந்த உடலின் எதிர்ப்பு ஆற்றல் அதனைக் குடலில் குடியேற விடாது. எனினும், ஒளிந்தவற்றை முற்றும் ஒழிக்கவும் இயலாது. எருமை நோயற்றதாகவே காணப்படும்.

எருமை ஈனும் காலத்தில் இவ்விளம்புழுக்கள் மடியை அடைந்து பாலில் இறங்குகின்றன. 1969ஆம் ஆண்டையொட்டி ஆஸ்திரேலியாவில் வாரன் என்பவர் பாலின் வழியே தொற்று பரவுவதை ஆராய்ந்தார். பின்னர் 1980களில் இலங்கை எருமைகளைக் கொண்டு ராபர்ட்ஸ் முதலியோர் செய்த ஆராய்ச்சி, கன்றுக்கு மருந்து தரவேண்டிய காலத்தைத் தெளிவாக்கிற்று.

கன்றின் உடலில்

பாலோடு சென்ற புழு ஏறத்தாழ மூன்று வாரத்தில் குடலில் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. சீம்பால் வழியே தாயின் எதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குக் கிடைத்தாலும், அவை இப்புழுவைத் தடுப்பதில்லை. கன்றின் சொந்த எதிர்ப்பு ஆற்றல் வளர்ந்த பின்னரே, மூன்று நான்கு மாத வயதையொட்டிப் புழுக்கள் தாமாக வெளியேற்றப்படுகின்றன. இடைப்பட்ட காலமே ஆபத்தானது. ஒரு சாண் நீளப் புழுக்கள் குடலில் திரண்டு அடைப்பு உண்டாக்கலாம். கழிச்சல், மெலிவு, மரணம் ஆகியன நேரலாம்.

செம்மறியாட்டின் நான்காம் வயிற்றில் இரத்தம் உறிஞ்சும் புழுவிடத்தும் இத்தகைய வயது வேற்றுமை உண்டு. குட்டிகளின் எதிர்ப்பு ஆற்றல் குன்றியது; வளர்ந்த ஆட்டினது வலியது; ஆயினும் ஈனும் தறுவாயில் தாய் ஆட்டின் ஆற்றலும் தளர்கிறது.

செய்யத்தக்கவை

1. கன்றுக்கு 10 முதல் 16 நாள் வயதுக்குள் குடற்புழு மருந்து தருக. பாலில் வந்த புழுக்களுள் பெரும்பாலானவை அதற்குள் குடலை அடைந்திருக்கும், முட்டையிடத் தொடங்கியிரா. முதிராத புழுவையும் கொல்லும் மருந்தும் அதன் அளவும் எவையெனக் கால்நடை மருத்துவரைக் கேட்டறிக.

2. பாலில் புழு வருமென்று அஞ்சிச் சீம்பாலை நிறுத்தற்க. பிற நோய்களினின்று கன்றைக் காப்பது அதுவே.

3. கன்றுச் சாணத்தை அன்றாடம் அகற்றி, நன்கு மக்கவிடுக. தடித்த ஓடுடைய முட்டைகள் நெடுநாள் மண்ணில் உயிரோடிருக்கும்.

கன்று மெலிந்த பின் மருந்து தேடினால் தொழுவத்தில் முட்டைகள் ஏற்கெனவே சிதறியிருக்கும். அவற்றை விழுங்கும் எருமை மறு ஈற்றிலும் தன் கன்றுக்குப் புழுவையே ஊட்டும். எனவே ஒவ்வோர் அங்கத்தினரும் கன்று பிறந்த தேதியைக் குறித்துவைத்து, பத்தாம் நாள் கடந்ததும் கால்நடை மருந்தகத்தை அணுகுவாராக.