சுற்றுத்துணி சொல்லும் செய்தி

எழுத்தறியாத எளிய மக்களுக்கு வேதத்தைக் கற்பித்த ஆசிரியர்களுள் ஓவியர்களும் உண்டு. பாலன் இயேசுவுக்குச் செய்யப்பட்ட சடங்குகளை அவர்கள் அழகுக்காக மட்டும் வரையவில்லை. துணி, தொட்டி, புறா ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை வைத்தார்கள். அன்புத் தோழியரே, அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, குளிப்பாட்டுதல். கீழைத் திருச்சபையினரின் கிறிஸ்து பிறப்புப் படங்களில் இரண்டு மருத்துவச்சிகள் பாலனைக் குளிப்பாட்டுவதைக் காணலாம். நற்செய்தியில் இக்காட்சி இல்லை. எனினும், இறைமகன் மெய்யாகவே மனிதனாகப் பிறந்தார் என்பதை இது உணர்த்துகிறது. பின்னாளில் அவர் யோர்தான் ஆற்றில் பெறவிருந்த ஞானஸ்நானத்தையும் அந்த நீர் நினைவூட்டுகிறது.

இரண்டாவது, துணியில் சுற்றுதல். அதே படங்களில் தீவனத் தொட்டி கல்லறைப் பெட்டியைப் போல் இருக்கும். பாலனைச் சுற்றிய துணியோ, இறந்தோரை அடக்கம் செய்யும் துணியைப் போல் இருக்கும். பிறந்த நாளிலேயே இறப்பை ஏன் காட்ட வேண்டும்? நமக்காக உயிரைக் கொடுக்கவே அவர் பிறந்தார் என்பதால்தான்.

மூன்றாவது, தேவாலயத்தில் ஒப்புக்கொடுத்தல். ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் இரண்டு புறாக்களைக் காணிக்கையாகத் தரலாம் என்பது மோசேயின் சட்டம். திருக்குடும்பம் தந்ததும் அந்த ஏழைகளின் காணிக்கையே. இத்தாலிய ஓவியர் அம்புரோஜியோ லொரென்செத்தி 1342-இல் சியன்னா பேராலயத்திற்காக இக்காட்சியை வரைந்தார். அதில் பாலன் விரலை வாயில் வைத்திருக்கிறார். பீடத்தருகே நிற்கும் குருவின் கையிலோ புறாவும் கத்தியும் உள்ளன! ஒன்றுமறியாத மழலைக்கு அருகிலேயே பலியின் அடையாளம்.

மந்தேஞ்ஞா என்ற ஓவியரும் 1455-ஆம் ஆண்டளவில் இதே நிகழ்ச்சியை வரைந்தார். அது இப்போது பெர்லின் நகரில் உள்ளது. இறுகச் சுற்றிய குழந்தையைப் பெற முதியவர் சிமியோன் கை நீட்டுகிறார். அன்னை மரியாளின் கைகளோ குழந்தையை இன்னும் விடவில்லை. அவருடைய உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் சொன்னது அன்றுதானே! இதே ஓவியர் பிற்காலத்தில், இறந்த இயேசு கல்லின்மேல் கிடப்பதையும் வரைந்தார். அங்கும் துணி உண்டு. அருகில் அழும் அன்னையும் உண்டு.

குழந்தையைக் கடவுளுக்குக் கொடுப்பது தாய்க்கு எளிதன்று. ஆயினும் மரியாள் கொடுத்தார். நம் தாய்மாரும் ஞானஸ்நான நாளில் நம்மை வெள்ளாடை உடுத்தி ஆலயத்திற்குக் கொண்டு வந்தார்கள். பிப்ரவரி 2-ஆம் நாள், காணிக்கைத் திருநாளில் மெழுகுதிரி ஏந்தும்போது, விட மனமில்லாமலும் கொடுத்த அந்தக் கைகளை நினைப்போமாக.