பிளாஸ்டிக் குழாயும் இரும்பு மரையும்

சென்ற கோடை விடுமுறைக்குக் கோபாலபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், தமிழக எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் அது. கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் சித்திரை மாதத்தில் அங்கு வந்து பார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு. தொட்டித் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துத்தான் செலவழிப்பார்கள்.

மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தது. கெட்டுப்போன பகுதியைக் கழற்றிவிட்டு பி.வி.சி. குழாய் போடும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். மிஞ்சிய இரும்புக் குழாயின் முனையில் வெளிமரை இருந்தது. அதற்கு ஏற்றாற்போல் உள்மரை உள்ள பிளாஸ்டிக் அடாப்டரை வாங்கி, ரெஞ்சால் முழு பலத்தோடு முறுக்கினேன். ஒரு சொட்டும் கசியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அம்மா எழுப்பினார். "கண்ணு, தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லியே!" இரவில் அடாப்டர் நீளவாக்கில் பிளந்து, ஆயிரம் லிட்டர் தண்ணீரும் மண்ணுக்குள் போயிருந்தது. பார்க்க வந்த வயதான பிளம்பர் சிரித்துக்கொண்டே, "இரும்புக்குக் காட்டற பலத்தைப் பிளாஸ்டிக்குக்குக் காட்டலாமுங்களா தம்பி?" என்றார்.

காரணம் இதுதான். குழாய் மரை நேராக இருப்பதில்லை. 16 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சரிவாக, முனையில் மெலிந்தும் உள்ளே போகப் போகப் பருத்தும் இருக்கும். ஆகவே இரும்பு வெளிமரையைப் பிளாஸ்டிக் உள்மரைக்குள் முறுக்கினால், அது ஆப்புப் போல விரித்துப் பிளக்கும். உடனே பிளக்காவிட்டாலும் சில மணி நேரத்திலோ சில மாதத்திலோ பிளக்கலாம். மாறாக, பிளாஸ்டிக் வெளிமரை இரும்பின் உள்ளே போனால் பிளாஸ்டிக் நெருக்கப்படுகிறதே தவிர விரிவதில்லை. நெருக்கத்தை அது நன்றாகத் தாங்கும்.

எனவே கடையில் 'எம்.டி.ஏ.' எனப்படும் வெளிமரை அடாப்டரையே கேளுங்கள். இரும்புக் குழாயிலும் வெளிமரைதான் இருந்தால், முதலில் அதில் ஓர் இரும்புச் சாக்கெட்டைப் பூட்டி, அதனுள் எம்.டி.ஏ.வை முறுக்கலாம். அல்லது உள்ளே பித்தளை மரை பதித்த 'எஃப்.டி.ஏ.' வாங்கலாம்.

பொருத்தும் முறை:

1. இரும்பு மரையில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷால் துடைக்கவும்.

2. வெளிமரையின் முனை உங்களைப் பார்க்குமாறு பிடித்து, டெஃப்லான் டேப்பைக் கடிகார முள் சுற்றும் திசையில் 3 அல்லது 4 சுற்று சுற்றவும். சணலும் பெயிண்டும் இங்கே வேண்டாம். சணல் கனத்து விரிசலுக்கு வழி செய்யும். பெயிண்டில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கலாம்.

3. கையால் இறுகும் வரை திருகி, பிறகு ரெஞ்சால் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று மட்டும் முறுக்கவும்.

4. அதன் பிறகே பி.வி.சி. குழாயைப் பசை தடவி அடாப்டரில் செருகவும். முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு முறுக்கினால் ஒட்டு அசையும். மரையில் பசை படக்கூடாது.

5. முடிந்தால் 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரைத் திறக்கவும்.

இரும்புக் குழாயின் பாரம் அடாப்டரின் மேல் இறங்காதபடி சுவரில் கிளாம்ப் அடிப்பது அவசியம். கீசரிலிருந்து வரும் வெந்நீருக்குச் சாதாரண பி.வி.சி. உதவாது, சி.பி.வி.சி.யே ஏற்றது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. இந்தியா, பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் பிரிட்டிஷ் மரை வழக்கில் உள்ளது. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறு மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைகள் இருப்பதால் முதலில் ஏறுவது போலத் தோன்றும். ஆனால் மரையின் கோணம் ஒன்று 55 பாகை, மற்றது 60 பாகை. ஆகையால் அங்கிருந்து வாங்கிச் செல்லும் குழாயை ஊரில் பூட்டினால் கசியும்.

எங்கள் வீட்டில் பிளம்பர் சொன்னபடி சாக்கெட் வைத்து எம்.டி.ஏ. போட்டேன். ஒரு மழைக்காலம் போய்விட்டது, கசிவு இல்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அம்மா முதலில் சொல்வது, "தொட்டி நிறைஞ்சிருக்குது கண்ணு" என்பதுதான்.