இரட்சிப்பு: சுவிசேஷ நெறியும் மார்மன் நெறியும்

பிறர் மதத்தை ஆராயப் புகுவோர் அவர்தம் சொற்களுக்கு அவர் கொண்ட பொருளையே முதற்கண் உணர்தல் வேண்டும். கிறிஸ்தவருள் சுவிசேஷ நெறியாரும் மார்மன் நெறியாரும் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்னும் சொற்களை ஒப்ப வழங்குவர். சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. அவ்வேறுபாட்டின் வேர் யாதென்பதே ஈண்டு ஆராயப்படும்.

மார்மன் சபை 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் நிறுவப்பெற்றது. பைபிளோடு, அவ்வாண்டிலேயே வெளிவந்த மார்மன் புத்தகம் முதலிய வேறு மூன்று நூல்களையும் இவர் வேதமெனக் கொள்வர். சுவிசேஷ நெறியார்க்கோ பைபிள் ஒன்றே முடிந்த பிரமாணம்.

இனிச் சாதனம் கூறுவாம். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் வற்புறுத்தியவாறே, மனிதன் விசுவாசம் ஒன்றானே நீதிமானாக எண்ணப்படுவன் என்பர் சுவிசேஷ நெறியார். நற்செயல் அவ்விசுவாசத்தின் கனியன்றி வீட்டின் விலையன்று. மார்மன் நெறியார் இரட்சிப்பை இரு கூறாக்குவர். உயிர்த்தெழுதல் கிறிஸ்துவின் கிருபையால் யாவர்க்கும் எய்துவது. மேலான மகிமைக்கோ விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியைப் பெறுதல், கட்டளைகளைக் காத்தல் ஆகியன வேண்டும். அதன் உச்சநிலைக்கு ஆலயத்தில் நிகழும் நித்திய விவாகமும் வேண்டும். இவையெல்லாம் கிருபையின்றிப் பயன்தரா என்பதும் அவர் துணிபேயாதலின், அவரைக் கிருபையை மறுப்போர் என்றல் பொருந்தாது.

பயனும் அவ்வாறே வேறுபடும். சுவிசேஷ நெறியார் பொதுவகையான் மோட்சம், நரகம் என இரண்டே கூறுவர். 1832-ஆம் ஆண்டில் ஸ்மித் கண்டதாகக் கூறிய தரிசனத்தின்படி, மார்மன் நெறியார் மூன்று மகிமையுலகங்கள் உளவென்பர். மிகச் சிலரே புறவிருளில் தள்ளப்படுவர்.

அற்றேல், நற்செய்தி கேளாதே இறந்தார்க்குக் கதி யாதெனின், அவர்பொருட்டு உயிரோடிருப்போர் ஞானஸ்நானம் பெறலாமென்பர் மார்மன் நெறியார். இவ்வழக்கம் 1840-இல் தொடங்கிற்று. அதனை ஏற்றலும் மறுத்தலும் இறந்தவர் விருப்பமேயாம். சுவிசேஷ நெறியார் இதனை உடன்படார். கேளாதார் கதிபற்றி அவர் தம்முள்ளும் கருத்து வேற்றுமை உண்டு.

இவ்வேறுபாடுகட்கெல்லாம் வேர் கடவுளுக்கும் உயிருக்கும் உள்ள இயைபேயாம். சுவிசேஷ நெறியார்க்கு உயிர் இன்மையினின்று படைக்கப்பட்டது. படைத்தோனும் படைப்பும் எஞ்ஞான்றும் ஓரினமாகா. மார்மன் நெறியார்க்கோ உயிர்கள் பிறப்பதன்முன்னும் பரமபிதாவின் பிள்ளைகளாய் இருந்தன. அவரும் மகிமையுற்ற உடலுடையவர். உச்சநிலை எய்தியோர் அவரைப்போல் ஆவர். ஆகவே, முன்னையோர்க்கு இரட்சிப்பாவது குற்றவாளி மன்னிக்கப்பெற்று மகனாக ஏற்கப்படுதல். பின்னையோர்க்கு, மகன் தந்தையின் நிலைக்கு வளர்தல்.

மன்னிப்பை விலைகொடுத்துப் பெறலாகாது. வளர்ச்சியோ முயற்சியின்றி அமையாது. இதனை உணராது, கிருபையோ கிரியையோ எனமட்டும் வாதிப்பார் கிளையைப் பற்றி வேரை விடுவோரேயாவர். பொருளியல்பைத் துணிந்த பின்னரே சாதனத்தைப் பற்றிய வழக்கு முடிவுபெறும் என்க.