ஒரு கிராமுக்கும் குறைவு

அணுக்கருப் பிளவு பற்றிய பாடம் நடந்தபோது, ஹிரோஷிமாவில் வெடித்த குண்டின் ஆற்றலை ஐன்ஸ்டீன் சமன்பாட்டில் பொருத்தி, எவ்வளவு நிறை ஆற்றலாக மாறியிருக்கும் என்று கணக்கிட்டோம். சுமார் 15 கிலோ டன் டி.என்.டி.க்குச் சமமான ஆற்றல். விடை ஏறத்தாழ 0.7 கிராம். குண்டிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவே பிளவுற்றது. கணக்குச் சரியாக வந்த மகிழ்ச்சியில் நோட்டை மூடிவிட்டேன்.

பிறகுதான் செட்சுகோ தர்லோ என்னும் அம்மையாரின் உரையைப் படிக்க நேர்ந்தது. 2017இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ‘ஐகேன்’ இயக்கத்தின் சார்பில் ஆஸ்லோ நகரில் பேசிய இருவருள் ஒருவர் அவர்.

1945 ஆகஸ்டு 6, காலை 8.15. அப்போது அவருக்கு வயது 13. வெடித்த இடத்திலிருந்து 1.8 கிலோமீட்டர் தொலைவில், இராணுவத் தலைமையகத்தில், சங்கேதச் செய்திகளைப் பிரித்தறியும் பணிக்காகப் பள்ளித் தோழியருடன் இருந்தார். பள்ளிச் சிறுமியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். போரின் இறுதிக் காலத்தில் ஜப்பான் அரசு மாணவர்களையும் போர்ப் பணிகளில் இறக்கியிருந்தது. தீ பரவாதிருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு வந்து, அன்று காலை திறந்த வெளியில் நின்ற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கட்டடம் சரிந்து அகப்பட்ட செட்சுகோ, வெளிச்சம் தெரியும் பக்கம் தவழ்ந்து வரச் சொன்ன ஒரு குரலைப் பற்றிக்கொண்டு வெளியேறினார். உள்ளே கிடந்த தோழியருள் பெரும்பாலோர் உயிரோடு எரிந்து போயினர்.

1954இல் அவர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். பிக்கினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு சோதித்த ஆண்டு அது. கேட்டவர்களிடம் அதைக் கண்டித்துப் பேசினார். வசைக் கடிதங்கள் வந்தன. வாய்மூடி இருந்திருக்கலாம். அந்நிய நாட்டில் படிக்க வந்த, நம்மைவிடச் சற்றே மூத்த மாணவி அவர்! பேசுவதென்றே முடிவு செய்தார். பின்னர் கனடாவில் குடியேறி, மாணவர்களிடையேயும் பல்லாண்டுகள் பேசினார்.

1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர் என்கிறது கணக்கு. அவரோ தம் பள்ளியைச் சேர்ந்த 351 பேரின் பெயர்கள் எழுதிய துணியைக் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார். இலக்கத்தைக் கேட்டுத் தலையசைக்கலாம். பெயர்களைப் படிக்க நேரம் பிடிக்கும்.

‘ஹிபாகுஷா’ எனப்படும், அணுகுண்டுக்குத் தப்பியோரின் எண்ணிக்கை 2025 மார்ச்சில் ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. சராசரி வயது 86. அவர்களுக்குப் பதிலாகப் பேச, அவர்களிடமே கதை கேட்டுப் பயின்றவர்களை உருவாக்கும் திட்டத்தை 2012இல் ஹிரோஷிமா மாநகராட்சி தொடங்கியது. கண்டவர் சொல்வதற்கும் கேட்டவர் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது, இது வெறும் ஒப்பித்தலாகிவிடாதா என்று முதலில் நினைத்தேன்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, இரவு உணவின்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். 0.7 கிராமும் கிலோ டன்னும் அவருக்கு எட்டவில்லை. பருப்பைக் கடைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். செட்சுகோவின் அக்காள் மகன், நான்கு வயதுப் பிள்ளை, உடல் வெந்து உருத்தெரியாமல், உயிர் போகும்வரை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டதைச் சொன்னதும் மத்து நின்றது.

“பிள்ளை பேரு என்னப்பா?” என்றார்.

“எய்ஜி” என்றேன்.