குளிர்ந்த கடலுக்கு இத்தனை விலையா?

கேள்வி: என் மகன் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்க்கிறான். கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டியதும் வரும் மரின் கவுண்டியில் எப்படியாவது ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. போன கோடையில் நானும் போய்ப் பார்த்தேன். கடலில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். ஜூலை மாதத்திலும் மூடுபனி. சாதாரண வீடே 10 லட்சம் டாலருக்கு மேல் என்கிறான். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: காலை நனைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் அம்மா. அதனால்தான் கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

கடல் தெரிவதால்தான் இந்த விலை என்று பலரும் நினைக்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. மரினில் வசிப்பவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் பெரும்பாலோர் பசிபிக் கரையில் இல்லை. கிழக்கே, 101ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய சான் ரஃபேல், மில் வேலி, நொவாட்டோ போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே டமல்பைஸ் மலையும் குன்றுகளும் நிற்கின்றன. கடலின் குளிரும் நிஜம்தான். வசந்தத்திலும் கோடையிலும் அடிக்கும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ள, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இதற்கு மேலெழுச்சி என்று பெயர். அந்தக் குளிர்நீரை ஈரக்காற்று தொடும்போது நீங்கள் பார்த்த மூடுபனி உருவாகிறது.

அப்படியானால் எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள்? நகரத்தின் சம்பளம் பாலத்துக்கு அந்தப் பக்கமே கிடைக்கிறது என்பது முதல் காரணம். 1937இல் பாலம் திறந்ததும் அது நடந்துவிட்டது. ஆனால் பாலம் மட்டும் இருந்திருந்தால் மரின் இன்னொரு புறநகராகத்தான் ஆகியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரியும் குன்று நாளைக்கும் காலியாகவே இருக்கும் என்ற உறுதிதான் முக்கியமான காரணம். அங்கே வீடு வாங்குகிறவர் அந்த உறுதிக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

இந்த உறுதி தானாக வந்ததல்ல. 1960களில், பாலத்தின் வடமுனையை ஒட்டிய குன்றுகளில் 30,000 பேர் குடியிருக்க மரின்செல்லோ என்று ஒரு புதிய நகரமே திட்டமிடப்பட்டது. மேற்குக் கரையில் டொமாலஸ் விரிகுடாவைச் சுற்றி லட்சம் பேருக்கு மேல் குடியேற்றும் திட்டமும் இருந்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள், தேர்தலில் ஆட்களை மாற்றினார்கள். இரண்டு திட்டங்களும் விழுந்தன. மரின்செல்லோவுக்குக் குறித்த நிலம் 1972இல் விலைக்கு வாங்கப்பட்டு, தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. இன்று அங்கே இருப்பது மரின்செல்லோ என்ற பெயரில் ஒரு நடைபாதை. அதில் நடக்கிற யாரும் அங்கே வரவிருந்த நகரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்கு முன்பே, 1962இல், பாயின்ட் ரேயஸ் தேசியக் கடற்கரை அமைக்கச் சட்டம் வந்திருந்தது. பிறகு மேற்கு மரினின் பண்ணை நிலங்களுக்கு 60 ஏக்கருக்கு ஒரு வீடு என்று மண்டல விதி வந்தது. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று அரசு வகுப்பதுதான் மண்டல விதி. 1980இல் பண்ணை நிலத்தைக் காக்க ஓர் அறக்கட்டளை தொடங்கியது. பால் பண்ணைக்காரர் நிலத்தைத் தானே வைத்துக்கொண்டு, அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் அறக்கட்டளைக்கு விற்றுவிடுகிறார். கையில் பணம் வருகிறது, மாடு மேய்கிறது, நிலம் யார் கைக்கு மாறினாலும் அந்தத் தடை கூடவே போகிறது. இந்த வழியில் 50,000 ஏக்கருக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள். பொலினாஸ் என்ற கடலோரச் சிற்றூரோ 1971இல் புதிய தண்ணீர் இணைப்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இணைப்பு இல்லையென்றால் வீடும் இல்லை.

இதோடு வரியும் சேர்கிறது. 1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்ற 13ஆம் முன்மொழிவின்படி, சொத்துவரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறும்போது அந்த மதிப்பு புது விலைக்கு ஏற்ப மாறும். நாற்பது வருடம் முன்பு வாங்கியவர் அந்தக் கால விலையை ஒட்டியே வரி கட்டுகிறார். அவர் ஏன் விற்கப் போகிறார்? புதிதாகக் கட்ட இடமில்லை, பழைய வீடு சந்தைக்கு வருவதில்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்?

நிலத்தைக் காத்தவர்கள் பெரிய காரியம் செய்தார்கள் என்றே நான் நம்புகிறேன். ஆனால் மரினின் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1942இல் சாசலிட்டோ கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்களுக்காக மரின் சிட்டி கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெள்ளையர்கள் கவுண்டியின் மற்ற ஊர்களில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த காலம் அது. அவர்கள் மரின் சிட்டியிலேயே தங்க நேர்ந்தது. இன்றைக்கும் மரின் கவுண்டியில் பாடம் நடத்துகிறவர்களிலும் முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்களிலும் பலர் தினமும் வேறு கவுண்டிகளிலிருந்து வந்து போகிறார்கள். திறந்த வெளியைக் காத்த அதே அக்கறையோடு, ஏற்கெனவே ஊர் இருக்கும் இடங்களிலாவது இவர்களுக்கு வீடு கட்டியிருக்கலாம். அதைச் செய்யாதது பெரிய குறை.

உங்கள் மகன் வாங்குவதென்று முடிவு செய்தால், வீடு பிடித்துப்போவதற்கு முன்பே காட்டுத்தீக்குக் காப்பீடு கிடைக்குமா, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். மரங்கள் அடர்ந்த மலைச்சரிவுகளில் இது இப்போது பெரிய தலைவலி. ஸ்டின்சன் பீச் போன்ற தாழ்ந்த கரையோரம் என்றால் வெள்ள அபாய வரைபடத்தையும் பார்க்கட்டும். மேற்கு மரினின் கிராமங்களில் பொதுச் சாக்கடை இல்லாத வீடுகள் நிறைய; அங்கே செப்டிக் டேங்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆள் வைத்துச் சோதித்துவிட வேண்டும்.