வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏமாறட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியிலிருந்து நல்ல பாம்பு ஒன்றை வாலைப் பிடித்து உருவுகிறாய். அது திரும்பிப் படமெடுத்ததும் அதன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிக் காட்டுகிறாய். சுற்றி நிற்கிற சனம் விசிலடிக்கிறது. கடைசியில் பாம்பைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறாய். "எப்படிண்ணே?" என்று கீழே கேட்டிருந்தாய். வேகம் இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, கைப் பழக்கமும் வந்துவிட்டது. ஆனால் அந்த வீடியோவை இன்னொருவருக்கு அனுப்பாதே, அழித்துவிடு.

கோபத்தில் சொல்லவில்லை. இந்த வேலையில் நான் நம்புகிற அளவுகோல் ஒன்றுதான். நீ பாம்பு பிடிப்பதைப் பார்க்க வந்தவன் "ச்சே, இவ்வளவுதானா?" என்று சலித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். கூட்டம் கைதட்டியது என்றால், தொட வேண்டாத நேரத்தில் நீ பாம்பைத் தொட்டிருக்கிறாய்.

அந்த நல்ல பாம்பையே எடுத்துக்கொள். அப்போது அது தேடிக்கொண்டிருந்தது ஒரு பொந்தை மட்டும்தான். உன்னோடு சண்டை போட அதற்கு எந்த அவசரமும் இல்லை. ஒரு முழ அகலமுள்ள துணிப் பையின் வாயை பிவிசி குழாயின் ஒரு முனையில் இறுக்கிக் கட்டு. மறு முனையைச் சுவரோரமாகப் பாம்பின் முன்னால் வைத்து, நிழல் விழும்படி ஏதாவது போட்டு மூடு. பிறகு கொக்கியால் பின்பக்கம் லேசாக ஒரு தொடு தொட்டால் போதும். இருட்டாக, ஒடுக்கமாக ஒரு வாய் தெரிந்தால் அது தானே உள்ளே போகும். குழாய் வழியாகப் பைக்குள் இறங்கியதும் பையின் கழுத்தை முறுக்கி முடிச்சுப் போடு. வாலையும் பிடிக்க வேண்டாம், தலையையும் அமுக்க வேண்டாம். இடுக்கி கொண்டு கழுத்தைக் கவ்வுகிறவர்கள் இருக்கிறார்கள். பாம்பின் முதுகெலும்பும் விலா எலும்பும் எவ்வளவு மெல்லியவை என்று அவர்கள் யோசிப்பதில்லை. வெளியே காயம் தெரியாது. கொண்டுபோய் விட்ட இடத்தில் சில நாளில் செத்துக் கிடக்கும், அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

நம் ஊரிலேயே இந்த வித்தையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருளர்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. அதற்கு முன்பு தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தப் பிழைப்பு நின்றுபோனது. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முன்கை எடுத்து உருவான சங்கம் அவர்களுடைய அறிவுக்கு வேறு வழி காட்டியது. பிடித்த பாம்பை ஏறக்குறைய மூன்று வாரம் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் வருகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலைப்பாம்பு பெருகிப்போய்த் திண்டாடிய அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு 2017-ல் அழைக்கப்பட்டவர்களும் இந்த இருவர்தான். ஒரு நாள் போய் அவர்கள் வேலை செய்வதைப் பார். கையில் கடப்பாரை, தோளில் பை. நாள் முழுக்கத் தடம், சட்டை, எச்சம், எலி வளை என்று தரையையே பார்த்து நடப்பார்கள். பாம்பு அகப்படும் அந்த அரை நிமிடத்தை நீ தவறவிட்டாலும் விட்டுவிடுவாய், அவ்வளவு சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

எந்தப் பாம்பு என்று அழைப்பு வரும்போதே ஓரளவு தெரிந்துகொள்ளப் பழகு. "பத்தடி தள்ளி நின்னு ஒரு போட்டோ அனுப்புங்க, ஒரு ஆள் மட்டும் கண்ணு வச்சுக்கிட்டு நில்லுங்க, நாயைக் கட்டிப் போடுங்க, குழந்தைகளை உள்ளே விடுங்க. பினாயில், மண்ணெண்ணெய் எதையும் ஊத்தாதீங்க." இதை ஒரே மூச்சில் சொல்லிவிடு. கண் வைக்க ஆளில்லாமல் போனால் நீ போய்ச் சேருவதற்குள் பாம்பு எங்கோ நுழைந்துவிடும், பாதிக் கொல்லையைக் கிளற வேண்டிவரும். போட்டோவில் சாரைப் பாம்பு என்று தெரிந்தால், வயல் பக்கமாக வழி விட்டு ஒதுங்கி நிற்கச் சொல். அதற்காக வண்டியைக் கிளப்ப வேண்டியதில்லை. சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து ஆடுவதைப் பார்த்ததாகச் சிலர் அடித்துச் சொல்வார்கள். அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கு நிற்பதாக இருக்கும். அதைச் சொல்லி வாதம் செய்துகொண்டிருக்காதே, வேலையைப் பார்.

நஞ்சுள்ளவற்றில் நான்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல பாம்பைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். என் கணக்கில் நான்கில் அதுதான் நாணயமானது. படத்தை விரித்து, சீறி, பொய்யாக ஒரு கொத்துக் கொத்தி, விலகிப் போ என்று போதுமான அவகாசம் கொடுக்கும். கண்ணாடி விரியன் அப்படியில்லை. தடித்து, சோம்பலாகச் சுருண்டு கிடக்கும். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து அதைக் கையால் எடுத்தவர்கள் உண்டு. குக்கர் விசில் போலச் சீறுவதுதான் அதன் எச்சரிக்கை. கொத்தும் வேகம் உன் கையின் வேகத்தைவிட அதிகம், நச்சுப் பற்கள் நீளம். அதை வாலைப் பிடித்துத் தூக்கும் எண்ணமே வேண்டாம். மூடியுள்ள உயரமான பிளாஸ்டிக் டிரம்மைப் படுக்கவைத்து, நீளமான கொக்கியால் உள்ளே தள்ளி, நிமிர்த்தி, மூடு. பைக்குள் விட்டால் துணியைத் தாண்டியும் பல் வரும். ஆகவே எந்தப் பாம்பானாலும் பையை முடிச்சுக்கு மேலே பிடி, காலோடு ஒட்டாமல் தள்ளித் தூக்கு, பெட்டிக்குள் வைத்துத்தான் வண்டியில் ஏற்று.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உன்னைப் போன்ற கெட்டிக்காரர்களைச் சாய்ப்பது அதுதான். பகலில் அது பசுபோலத் தெரியும். தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு பந்தாகிக் கிடக்கும். தொட்டால்கூடப் பெரிதாக எதுவும் செய்யாது. பார்க்கிறவனுக்கு உள்ளங்கையில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று தோன்றும். இரவில் அதே பாம்பு வேறு பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களைக் கடித்துவிட்டுப் போகும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல பேருக்குப் பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்து உட்கார்வார்கள், கண் இமை தானாக இறங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகளே நின்றுபோகும். அந்தக் கட்டத்தில் மருந்தோடு வென்டிலேட்டரும் வேண்டும். உன் விரலில் அது ஒரு கீறு கீறினாலும் உனக்கு வலிக்காது. "ஒண்ணுமில்ல, லேசா பட்டுச்சு" என்று வண்டியை எடுப்பாய். அப்படி ஒருபோதும் எடுக்காதே. இன்னொன்று, இதே போலப் பட்டை போட்ட நஞ்சில்லாத பாம்பொன்றும் சுவரேறிப் பல்லி தேடி வீட்டுக்குள் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும் என்று நீ எவ்வளவு உறுதியாக இருந்தாலும், கட்டுவிரியனாகவே நினைத்துக் கையாளு.

சுருட்டை விரியனை வறண்ட கல்லாங்காட்டு ஊர்களில் சந்திப்பாய். சின்ன உருவம் என்று அலட்சியம் செய்யாதே, அவ்வளவுதான்.

பாம்பைவிட மனிதர்கள்தான் உன் நேரத்தை அதிகம் எடுப்பார்கள். ஒரே வீட்டில் மாமியார் கும்பிட்டுக்கொண்டு நிற்பார், மகன் உலக்கையோடு நிற்பான். பாம்புக்கு ஜோடி உண்டு, அது பழிவாங்க வரும் என்பார்கள். கொல்லையில் சிறியாநங்கை நட்டிருக்கிறோமே, எப்படி வந்தது என்பார்கள். யாரையும் பரிகசிக்காதே. மாமியாரின் கும்பிடு ஒரு பாம்பின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நினைத்துப் பார். மகனிடம் வேறு மாதிரி பேசு. பாம்பை அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்கள் உண்டு என்று சொல், தலையை வெட்டிப் போட்டாலும் அந்தத் தலை சற்று நேரம் கடிக்கும் என்று சொல், சட்டப்படியும் குற்றம் என்று சொல். மூன்றில் ஏதாவது ஒன்று அவனிடம் எடுபடும். பிறகு அவனையே கூட்டத்தைப் பின்னால் நகர்த்தச் சொல். வேலை கொடுத்தால் உலக்கை கீழே போய்விடும்.

பாம்பு பைக்குள் போனதும் உன் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. கொல்லையை ஒரு சுற்று நடந்து பார். சுவரோரம் அடுக்கிய செங்கல், மழைக்கு மூடிப்போட்ட விறகு, மக்கிய தேங்காய் மட்டை, கோழித் தீவனம் சிந்திய இடம், அதைத் தின்ன வரும் எலி, குளியலறைத் தண்ணீர் தேங்கிய குழியில் தவளை. பாம்பு ஏன் வந்தது என்பதற்குப் பதில் அங்கேயே கிடக்கும். விறகைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கச் சொல், கழிவுநீர்க் குழாயின் வாயில் கம்பி வலை கட்டச் சொல், கதவின் அடி இடுக்கை அடைக்கச் சொல், ராத்திரி டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போக வேண்டாம் என்று சொல், தரையில் படுப்பவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளச் சொல். குட்டி அகப்பட்டால் மற்றவையும் பக்கத்தில் இருக்கலாம். கண்ணாடி விரியன் முட்டையிடாது, இருபது முப்பது குட்டிகளைக்கூட ஒரே ஈற்றில் போடும். ஒவ்வொன்றும் பிறந்த அன்றே நஞ்சோடு பிறக்கிறது.

பிடித்ததை எங்கே விடுவது என்பதில் வனத்துறை சொல்வதைக் கேள். அவர்களுக்குத் தெரிவிக்காமல், அனுமதியில்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. ஆனால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் காட்டில் கொண்டுபோய் விடுவதுதான் பாம்புக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்று நம்பாதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ராஜநாகத்தின் உடலுக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். இடம் மாற்றி விடப்பட்டது நிலைகொள்ளாமல் வெகு தூரம் அலைந்தது. தெரியாத ஊரில் பொந்து தெரியாது, இரை தெரியாது, ரோட்டைக் கடக்கும், இன்னொரு வீட்டுக் கொல்லைக்குள் நுழையும். கூடுமானவரை அதே வட்டாரத்தில், வீடுகள் இல்லாத புதர்ப் பக்கம், வெயில் தாழ்ந்த பிறகு விடு. வீட்டில் ஒரு ராத்திரி வைத்திருப்பது, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டுவது எல்லாம் வேண்டாம்.

கடி வாங்கினால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்து வை, அப்போது யோசிக்க முடியாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது, சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். தமிழ்நாடு அரசு 2024-ல் இதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாகவே ஆக்கிவிட்டது. நீ போகிற ஒவ்வொரு பக்கமும் எந்த அரசு மருத்துவமனையில் மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொள். தனியாகப் போகாதே. கடி பட்டால் மோதிரம், கயிறு, வாட்சைக் கழற்று. கையைக் காலைக் கட்டை வைத்து அசையாமல் நிறுத்து. இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது, நீயே வண்டி ஓட்டுவதும் கூடாது. 108-க்குச் சொல், அல்லது கூட வந்தவன் கொண்டுபோகட்டும். பாம்பை அடித்து எடுத்துப்போகவும் வேண்டாம், நான்கு பாம்புகளுக்கும் ஒரே மருந்துதான். ஏற்கெனவே கடி வாங்கியவர்களுக்கு உடம்பு பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மீண்டும் மீண்டும் நஞ்சோடு புழங்குகிறவர்களுக்கு நஞ்சே ஒவ்வாமையாகி, அடுத்த கடியில் நிமிடங்களில் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. பழைய கடி வடுவைக் காட்டிப் பெருமை பேசுகிறவரைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நில்.

காசு விஷயம். கொடுத்தால் பெட்ரோலுக்கு வாங்கிக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பேரம் பேசாதே. இருநூறு ரூபாய் கொடுக்க மனசில்லாமல் ஒருவன் கம்பை எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து உனக்கு அழைப்பே வராது.

அடுத்த வாரம் நான் வருகிறேன், உன் சாமான்களை எடுத்து வை. அதற்கு முன்னால் பைகளை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பி, விளக்குக்கு நேரே பிடித்துத் தையலை ஒவ்வொன்றாகப் பார். விரல் நுனி நுழைகிற ஓட்டை இருந்தாலும் அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தைத்து வை. தையல் இரட்டைத் தையலாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்