சக்கை, நீராவி, மின்சாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நாமக்கல் மாவட்டத்தில் மோகனூரில் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையும், பள்ளிபாளையத்தை அடுத்த ஓடப்பள்ளியில் பொன்னி சர்க்கரை ஆலையும் உள்ளன. சர்க்கரை ஆலையில் சாறு பிழிந்த சக்கைதான் கொதிகலனுக்கு எரிபொருள். அதில் உருவாகும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றுகிறது. பிறகு சாறு காய்ச்சப் போகிறது. இதுவே இணைமின் உற்பத்தி. இதைச் சிறிய அனல்மின் நிலையமாகப் பார்ப்பதிலிருந்தே தவறான நம்பிக்கைகள் பலவும் கிளைக்கின்றன.

எத்தனை யூனிட் மின்சாரம் கிடைத்தது என்பதே ஆலையின் திறனுக்கு அளவுகோல் என்பது முதல் நம்பிக்கை. மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற இடங்களில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரத்தோடு போய்விடும். சர்க்கரை ஆலையில் அந்த மீதிக்கும் வேலை உண்டு. டர்பைனிலிருந்து 2.5 பார் அழுத்தத்தில் வெளிவரும் ஒரு கிலோ நீராவி, கொப்பரையில் நீராகும்போது சுமார் 2,180 கிலோஜூல் வெப்பம் தருகிறது. 87 பார் கொதிகலனின் நீராவியே ஆனாலும், டர்பைனில் அது தருவது இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

நீராவியை மிச்சப்படுத்தினால் மின்சாரம் கூடும் என்பது அடுத்தது. பின்னழுத்த டர்பைன் உள்ள ஆலையில் நடப்பது நேர்மாறு. அங்கே சாறு காய்ச்ச எவ்வளவு நீராவி வேண்டுமோ அவ்வளவுதான் டர்பைன் வழியே போக முடியும். நூறு டன் கரும்புக்கு ஐம்பது டன் நீராவி கேட்ட ஆலை, சாற்றிலிருந்து எழும் ஆவியையே அடுத்தடுத்த கலன்களைச் சூடாக்கப் பயன்படுத்தி நாற்பது டன்னுக்கு இறங்கினால், மின் உற்பத்தியும் இறங்கும். லாபம் மீட்டரில் தெரியாது. களத்தில் குவியும் சக்கையில் தெரியும். அந்தச் சக்கையை அப்போதே மின்சாரமாக்க, இடையில் நீராவி எடுத்து எஞ்சியதைக் குளிர்விக்கும் வகை டர்பைன் வேண்டும். அப்படிக் குளிர்விக்கப்படும் பங்கின் திறன் அனல்மின் நிலையத்தின் அளவுக்கோ அதற்குக் கீழோதான் நிற்கும்.

அழுத்தக் குறைப்பு வால்வு வழியாக நீராவியை இறக்கினால் நட்டமில்லை என்பது பாதி உண்மை. வெப்பம் குறையாது, ஆனால் அந்த நீராவி தந்திருக்க வேண்டிய மின்சாரம் போனது போனதுதான். டர்பைன் நின்றால் ஆலை ஓட இந்த வால்வு அவசியம். நாள்தோறும் அது திறந்தே கிடந்தால், டர்பைனின் அளவும் ஆலையின் தேவையும் பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

சக்கை சும்மா கிடைக்கும் கழிவு என்பதும் சரியல்ல. காவிரிக்கு அக்கரையில், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சர்க்கரை ஆலைகளுக்கு எரிபொருளையோ நீராவியையோ ஈடாகக் கொடுத்துச் சக்கை வாங்கி 1980களிலிருந்து காகிதம் செய்கிறது. எரிக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இப்படி ஒரு மாற்று விலை உண்டு.

ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் ஒரு கிலோ சக்கையின் நிகர வெப்பம் சுமார் 1,800 கிலோ கலோரி. 45 சதவீதமானால் சுமார் 2,040. இதைப் பார்த்து எரிபொருளில் 13 சதவீதம் மிச்சம் என்று சொல்வோர் உண்டு. ஈரம் இறங்கும்போது எடையும் இறங்குவதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதே அளவு நாருக்கு உண்மையான கூடுதல் சுமார் 3 சதவீதம்தான். உலை சீராக எரிவது தனி லாபம்.

அரவை இல்லாத மாதங்களில் சேமித்த சக்கையாலோ வாங்கிய நிலக்கரியாலோ டர்பைனை ஓட்டலாம். சாறு காய்ச்சும் வேலை அப்போது இல்லாததால் டர்பைனில் எஞ்சும் வெப்பம் முழுக்கக் குளிர்விப்புக் கோபுரத்துக்கே போகும். ஆகவே அரவைப் பருவத்தின் கணக்கையும் இந்த மாதங்களின் கணக்கையும் சேர்த்து ஆண்டுச் சராசரியாகக் காட்டினால், ஆலை எந்தப் பருவத்தில் சரியாக ஓடியது, எந்தப் பருவத்தில் ஓடவில்லை என்பது தெரியாமலே போகும்.